பிளேஸ் துரைக்கு ஒரு மனு

அனுப்புநர்: செங்கல்பட்டில் வரி கட்டி வாழும் ஒருவன்.

பெறுநர்: ம.ரா.ரா.ஸ்ரீ. லியோனல் பிளேஸ் துரையவர்கள், முன்னாள் கலெக்டர், கும்பினி ஜாகீர். தற்சமய விலாசம்: தாயார் சன்னிதிக் கல்வெட்டு, ஏரி காத்த ராமர் கோயில், மதுராந்தகம்.

பொருள்: தாங்கள் விட்டுப்போன சொத்துகளின் நிலவரம் தெரிவித்தல், அவற்றில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: உயிரோடிருக்கும் அதிகாரிகளுக்கு நான் எழுதிய மனுக்கள். எண்கள் கைவசம் உள்ளன. பதில்கள் இல்லை.

துரையவர்களே,

இருநூறு வருஷத்துக்கு முந்தைய கலெக்டருக்கு இப்போது எதற்கு மனு என்று வீட்டில் கேட்டார்கள். உயிரோடிருக்கிறவர்களுக்கு எழுதிப் பார்த்தாகிவிட்டது என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் இங்கே மக்கள் குறைதீர்க்கும் நாள். வெயிலில் ஒரு வரிசை, பந்தலில் ஒரு வரிசை, மனு எழுதித் தருகிறவர் முன்னால் ஒரு வரிசை. என் குறை பெரிதில்லை. தெருக்கோடிக் கால்வாயை ஒருவர் மண்ணடித்து மூடிவிட்டார். மழை பெய்தால் தண்ணீர் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு விசாரணை, அதற்கும் ஒரு வரிசை. ரசீது தந்தார்கள். மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. உரிய அலுவலர் யாரென்று விசாரித்தால், யார்மேல் புகார் சொன்னேனோ அவரேதான். பதினைந்தாம் நாள் இன்னொரு செய்தி: மனு ஏற்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. தண்ணீர் மட்டும் முடியவில்லை.

உங்களிடம் அந்தத் தொல்லை கிடையாது. உங்கள் விலாசம் கல்லில் வெட்டியிருக்கிறது. மாறுதல் இல்லை. ‘ஐயா முகாம் போயிருக்கார்’ இல்லை. ‘ஐயா மீட்டிங்கில் இருக்கார், நாளைக்கு வா’ இல்லை. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கதையை உங்களுக்கே நினைவுபடுத்திவிடுகிறேன். 1790களில் மதுராந்தகம் ஏரி மழைக்கு மழை கரை உடைத்துக்கொண்டு ஓடியது. கருங்குழிக் கச்சேரியில் உட்கார்ந்து நீங்கள் எத்தனை முறை கட்டச் சொல்லியும் நிற்கவில்லை. கோயில்காரர்கள் தாயாருக்குச் சன்னிதி கட்டப் பணம் கேட்டார்கள். உங்கள் ராமர் ஏரியைக் காப்பாற்றித் தரட்டும், பிறகு பார்க்கலாம் என்றீர்களாம். அந்த வருஷத்து அடைமழையில், நடுராத்திரியில், கரைக்குப் போய் நின்றீர்கள். மின்னல் வெட்டியது. வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் கரைமேல் காவல் நடந்துகொண்டிருந்தார்கள். கரை நின்றது. சன்னிதி எழுந்தது. இது கும்பினிக் கலெக்டரின் தர்மம் என்று உங்கள் பெயர் கல்லில் ஏறியது. ராமருக்கு ஏரி காத்தவர் என்று பேர் வந்தது.

இன்றைக்கும் இந்தக் கதையைக் கேட்டு ஜனங்கள் ராமரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் புல்லரிப்பது வேறு இடத்தில். ராமர் வந்ததில் என்ன அதிசயம்? கூப்பிட்டால் வருகிறவர்தானே அவர்! ஒரு கலெக்டர், நடுராத்திரியில், கொட்டுகிற மழையில், ஏரிக்கரையில் நின்றிருக்கிறாரே, அதைச் சொல்லுங்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர்க்காரர்கள் மொட்டைமாடியில் நின்று நாலு திசையும் பார்த்தார்கள். வில்லோடு யாரும் வரவில்லை, குடையோடும் யாரும் வரவில்லை. படகைத் தூக்கிக்கொண்டு மீனவர்கள்தான் வந்தார்கள். அவர்களுக்குச் சன்னிதி கிடையாது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் மீசை முறுக்க வேண்டாம், துரையே. உங்கள் லட்சணமும் எங்களுக்குத் தெரியும். 1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி பட்ட கடனுக்கும் வாங்கிய உதவிக்கும் ஈடாக இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். கும்பினி அதே சீமையை அதே நவாபுக்குக் குத்தகைக்கு விட்டுக் காசு பார்த்தது. சொந்த வீட்டை அடகு வைத்துவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்தார் நவாபு. இன்றைக்கு இதைப் பொதுத்துறை தனியார் பங்களிப்பு என்று அழகாகச் சொல்கிறோம். 1794இல் நீங்கள் வந்தீர்கள். வரியைக் கூட்டினீர்கள். எதிர்த்த மிராசுதார்களை வழிக்குக் கொண்டுவந்தீர்கள். காஞ்சிபுரம் கோயில்களின் நிர்வாகத்தில் கைவைத்தீர்கள். கையோடு வரதருக்கு ஒரு நகையும் செய்து போட்டுச் சரிக்கட்டினீர்கள்.

ஏரிக்கரையில் நீங்கள் ஏன் நின்றீர்கள் என்பதற்கும் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கரை உடைந்தால் நெல் போச்சு. நெல் போனால் கிஸ்தி போச்சு. ராமர் ஏரியைக் காத்தார். நீங்கள் வசூலைக் காத்தீர்கள். இரண்டுக்கும் கரை ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கு முன்னால் தாமஸ் பர்னார்டு என்றொரு இன்ஜினியர் 1767 முதல் 1774 வரை இந்த ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளிலும் அந்தக் கணக்கு இருந்தது. விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு என்று அதில் வரிசையாக வரும்: கோயிலுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்கு, ஏரிக்கு. ஆமாம், ஏரிக்கும் ஒரு பங்கு. மடையைப் பார்க்க, கரையைப் போட, தூர் எடுக்க. கும்பினி வந்து ஊரின் பங்குகளைக் கஜானா பக்கம் வழித்துக்கொண்டது. கூலி நின்றதும் கை நின்றது. மராமத்து பார்க்க 1858இல் ஒரு துறையை உண்டாக்கினார்கள். ஊருக்குச் சொந்தமாயிருந்த ஏரி துறைக்குச் சொந்தமாயிற்று. துறைக்குச் சொந்தமானது யாருக்கும் சொந்தமில்லை என்பது இந்த ஜில்லாவின் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அப்படியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பேராசைக்கு ஏரி தேவைப்பட்டது. நெல்லிலிருந்து பிடுங்குகிறவனுக்கு நெல் விளைய வேண்டும். இன்றைய கஜானாவுக்கு அந்தக் கவலை கிடையாது. அது நிரம்புவது மதுக்கடையில், பத்திரப்பதிவில். ஏரியில் தண்ணீர் நின்றால் அரசுக்கு ஒரு பைசா வராது. ஏரியில் கல் நட்டால் முத்திரைத்தாள் விற்கும். ஒரு காலத்தில் ஏரி மாவட்டம் என்று பேரெடுத்த சீமையில் இப்போது சாலையெங்கும் விளம்பரப் பலகை: ஏரிக்கரை மனைகள், இயற்கைச் சூழலில் வீட்டுமனை, முன்பதிவுக்கு முந்துங்கள். ஏரிக்கரை என்று அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. முதல் மழையில் தெரிந்துவிடும்.

நீங்கள் காத்த அதே மதுராந்தகம் ஏரியை 120 கோடி ரூபாயில் தூர்வாரி ஆழப்படுத்த வேலை தொடங்கினார்கள். நல்ல காரியம்தான். தண்ணீரை வடித்துவிட்டார்கள். பாசனம் நின்றது. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஏரியை நம்பியிருந்தவர்கள் போகத்துக்குப் போகம் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏரி காத்த ராமரும் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இல்லாத ஏரியில் அவருக்கும்தான் என்ன வேலை?

இனி சொத்துகளின் நிலவரம்.

சொத்து எண் 1: செங்கல்பட்டுக் கோட்டை

விஜயநகரத்தார் காலத்துக் கோட்டை. மூன்று பக்கமும் ஏரியும் சதுப்பும் காவல் இருந்தன. 1752இல் கிளைவ் இதை முற்றுகையிட்டு, உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரரைப் பணியவைத்தார். 1780இல் பொள்ளிலூரில் ஹைதர் அலி கும்பினிப் படையைத் துவைத்து எடுத்தபோது, காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டு ஹெக்டர் மன்றோ ஓடிவந்து மூச்சு வாங்கியது இங்கேதான். ஹைதரால் தரைமட்டமாகாத மதிலைப் பிறகு ரயில்காரர்கள் கவனித்துக்கொண்டார்கள். கோட்டையை ஊடறுத்துத் தண்டவாளம் போட்டார்கள். இன்றைக்கு வைகை எக்ஸ்பிரஸில் போகிறவர் கொளவாய் ஏரியைப் பார்த்து, அடடா கடல் மாதிரி இருக்கிறதே என்று படம் பிடிப்பார். ஒரு கோட்டையின் வயிற்றுக்குள்ளே போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. மிச்சமிருந்த இடத்தை அரசு அலுவலகங்கள் பங்கு போட்டுக்கொண்டன.

செங்கழுநீர்ப்பூ பூத்ததால் செங்கழுநீர்ப்பட்டு என்று பேர் வந்த ஊர் இது. சாக்கடை கலந்த ஏரியில் இப்போது பூப்பது ஆகாயத்தாமரை. பேரை மாற்றிவிடலாம் என்றால் அதிலும் எங்களுக்குப் பட்ட அனுபவம் உண்டு. நூற்றாண்டுக்குமேல் செங்கல்பட்டு ஜில்லா என்று பேர், கலெக்டர் இருந்தது சைதாப்பேட்டையில். பிறகு காஞ்சிபுரத்துக்குப் போனார். 1997இல் பேரையும் காஞ்சிபுரத்துக்கே கொடுத்தார்கள். 2019 நவம்பரில் மாவட்டத்தைத் திருப்பித் தந்தார்கள். வெண்பாக்கத்தில் கலெக்டருக்குப் புதுக் கட்டடம் பளபளவென்று எழுந்துவிட்டது. பழைய கோட்டைக்கு அரசமரம் முளைத்துவிட்டது. இரண்டும் நன்றாகவே வளர்கின்றன.

சொத்து எண் 2: கோவளம்

இங்கேயும் ஒரு கோட்டை இருந்தது. அதே 1752இல் கிளைவ் அதைப் பிடித்தார். அவரோடு வந்த புது ஐரோப்பியச் சிப்பாய்கள் லண்டன் தெருக்களில் அள்ளிக்கொண்டு வரப்பட்டவர்கள். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டில் ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டம் எடுத்தார்கள். பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்த காவல்காரன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுத்தார்களாம். இந்தியாவை வென்றவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாடம் நடத்தியபோது இந்தக் கிணற்றை ஏனோ விட்டுவிட்டார்கள்.

கோட்டை இருந்த இடத்தில் இப்போது ஐந்து நட்சத்திர விடுதி. இடிபாட்டுக்கு ராத்திரி வாடகை கிடைக்கிறது. சரித்திரத்தின் மீது படுத்துறங்க இவ்வளவு, காலைச் சிற்றுண்டியோடு இவ்வளவு. பக்கத்துக் குப்பத்துக்காரர் வலை உலர்த்த இடம் தேடி அலைகிறார்.

சொத்து எண் 3: மாமல்லபுரத்துப் பாறை

பல்லவன் கட்டிய ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் உச்சந்தலையில் உங்கள் பின்னோர் விளக்கை ஏற்றி அதைக் கலங்கரை விளக்கமாக்கினார்கள். பிறகு மனசு கேட்காமல் பக்கத்திலேயே கருங்கல்லில் தனிக் கோபுரம் கட்டினார்கள். அவர்களுக்குக் கப்பல் கரைசேர வேண்டியிருந்தது. சாமியின் தலையோ, குன்றின் தலையோ, உயரம் இருந்தால் சரி.

வெண்ணெய் உருண்டைப் பாறை விஷயம் இன்னும் சுவையானது. சரிவில் எப்போது வேண்டுமானாலும் உருண்டுவிடும் போல நிற்கும் பாறை. 1908இல் கவர்னர் லாலி ஏழு யானைகளைப் பூட்டி இழுத்தும் இம்மிகூட அசையவில்லை என்று ஊரில் சொல்வார்கள். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தார். பிரதமர் மோடி வேட்டி கட்டிக்கொண்டு வரவேற்றார். வராத வெளிச்சமெல்லாம் வந்தது. தெருக்கடைகள் காணாமல் போயின. காய்கறியிலும் பழத்திலும் தோரண வளைவு எழுந்தது. இரண்டு தலைவர்களும் பாறைக்கு முன்னால் கைகோத்து உயர்த்தினார்கள், படம் உலகமெங்கும் போயிற்று. அடுத்த வாரமே அந்தப் பாறையைப் பார்க்க நாற்பது ரூபாய் டிக்கெட். பல்லவன் காலந்தொட்டு ஆடு மேய்ப்பவன்கூடச் சும்மா சாய்ந்து நின்ற பாறை. ஏழு யானையால் முடியாததை எங்கள் ஆட்கள் ஒரு சுற்றறிக்கையால் முடித்தார்கள். பாறையை அசைத்துவிட்டார்கள், இலவசத்திலிருந்து கட்டணத்துக்கு.

நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதையும் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அர்ச்சுனன் தபசுக்கு எதிரே அடுக்குமாடி வந்திருக்கும். ஆனால் இந்தச் சட்டத்துக்கு ஓட்டு வீடு மட்டும் துல்லியமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. நாலு தலைமுறையாக உளி பிடித்தவர் வீட்டில் ஓடு மாற்ற வேண்டுமென்றால் டெல்லி வரைக்கும் கோப்பு போகும். கடற்கரையில் மண்ணை மேடாக்கி எழுந்த கேளிக்கை விடுதிகள் எந்த மீட்டரில் அளக்கப்பட்டன என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை.

சொத்து எண் 4: சதுரங்கப்பட்டினம்

இது உங்கள் சொத்தில்லை, டச்சுக்காரரிடமிருந்து நீங்கள் பிடுங்கியது. உள்ளூர்ப் பேரைச் சொல்ல வராமல் சட்ராஸ் என்று சுருக்கிவிட்டார்கள். மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்போன துறைமுகம். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் ஆட்களும் உங்கள் ஆட்களும் 1754 ஜனவரியில் இங்கே உட்கார்ந்து சமாதானம் பேசி, ஆகாமல் எழுந்து போனார்கள். அந்த வருஷமே டூப்ளே ஊருக்கு அழைக்கப்பட்டார். 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு எதிரே பிரெஞ்சுக்காரர் சுஃப்ரானும் ஆங்கிலேயர் ஹியூஸும் கப்பல்களை அணிவகுத்து மோதினார்கள். கோட்டையை 1781இல் பிடித்தீர்கள், 1818இல் திருப்பிக் கொடுத்தீர்கள், 1825இல் ஒரேயடியாக வாங்கிக்கொண்டீர்கள். டச்சுக் கம்பெனி துணியை மட்டும் ஏற்றியது என்று நினைத்துவிடக் கூடாது. பஞ்ச காலங்களில் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்களை அடிமைகளாகப் பட்டேவியாவுக்கும் இலங்கைக்கும் ஏற்றினார்கள். செதுக்கிய கல்லறை டச்சுக்காரருக்கு உண்டு. கப்பலேறியவர்களுக்கு ஒரு பலகைகூட இல்லை.

செங்கல் மதில், கிடங்குகள், வாசலில் பீரங்கிகள், மண்டையோடும் குலச்சின்னமும் செதுக்கிய கல்லறைகள். இவ்வளவையும் ஒரு நீலப் பலகை காக்கிறது. சேதப்படுத்தினால் தண்டனை என்று அதில் எழுதியிருக்கிறது. உப்புக்காற்றுக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த வீட்டில் கல்பாக்கம், 1980களிலிருந்து அணுவைப் பிளக்கிறார்கள். இந்தப் பக்கம் சுண்ணாம்பு தானாகவே பிளந்துகொள்கிறது.

2022இல் நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட். 186 நாடுகள். தலைநகரில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். குதிரைக்கு வேட்டி கட்டி ‘தம்பி’ என்று பேர் வைத்தார்கள். ஆவின் பால் பாக்கெட்டிலும் சதுரங்கம். பால் பொங்கினால் ராஜாவுக்குச் செக். எல்லாம் சரி. போட்டி நடந்த இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் சதுரங்கப்பட்டினம் என்றே ஓர் ஊர் இருக்கிறதே ஐயா! ஊர்ப்பேருக்கும் ஆட்டத்துக்கும் உறவுண்டா என்று ஆராய்ச்சிக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும். விருந்தாளியைக் கூட்டிப்போய்க் காட்ட இதைவிடப் பொருத்தமான பேர் உலகத்தில் வேறெங்கே கிடைக்கும்? அந்தப் பதினாலு நாளின் பெயின்ட் செலவில் ஒரு துளி இந்த மதிலுக்கு வந்திருந்தால் போதும். அவர்களுக்குச் சதுரங்கம் வேண்டியிருந்தது, பட்டினம் வேண்டியிருக்கவில்லை.

தெற்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. நாணயம் அடித்த இடம். 1750இல் டூப்ளே கைக்கு வந்தது, 1760இல் உங்கள் ஆட்கள் இடித்தார்கள். பாக்கியைக் கடல் இடித்துக்கொண்டிருக்கிறது. கடலுக்காவது வேலையை நிறுத்தும் பழக்கம் இல்லை.

சொத்து எண் 5: நாற்காலி

துரையவர்களே, இனி நல்ல செய்தி. இடிந்ததையே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கட்டியதில் இடியாதது ஒன்று இருக்கிறது.

செங்கல்லும் சுண்ணாம்பும் உங்கள் கட்டடக்கலை என்று நினைத்துக்கொண்டு நாங்கள்தான் கோட்டைகளைச் சுற்றிக்கொண்டிருந்தோம். உங்கள் அசல் கட்டடம் கச்சேரி. வருஷா வருஷம் ஜமாபந்தி தவறாமல் நடக்கிறது. கணக்கு இன்னும் பசலியில். அக்பர் வைத்துவிட்டுப் போன பசலியை நவாபு வழியாக நீங்கள் எடுத்தீர்கள், உங்களிடமிருந்து நாங்கள் எடுத்தோம். ஜூலை முதல் தேதிதான் எங்கள் வருவாய்த்துறைக்கு வருஷப்பிறப்பு. அடங்கல் இருக்கிறது. சிட்டா இருக்கிறது. தாசில்தார் இருக்கிறார். டபேதார் இருக்கிறார், டவாலியும் தலைப்பாகையுமாக. கலெக்டர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், செருப்பை எங்கே கழற்றுவது என்று யோசிக்க வேண்டும், கையில் மனுவை இரண்டு விரலால் பணிவாகப் பிடிக்க வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துவாலை. அது அழுக்காகி நான் பார்த்ததில்லை. தொல்லியல் துறைப் பலகை இல்லாமல், நிதி ஒதுக்கீடு இல்லாமல், ஒரு கீறல் விழாமல் பாதுகாக்கப்பட்டு வரும் ஒரே கும்பினிக் காலச் சின்னம் இந்த நாற்காலிதான்.

அந்த நாற்காலியில் ஒருமுறை ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். பேர் டிரெமன்ஹீர். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்தவர். இந்த ஜில்லாவின் சேரிகளில் ஜனங்கள் குடியிருக்கும் மண்ணும் மிராசுதாருக்கு, உழைப்பும் மிராசுதாருக்கு, வாங்கிய கடனுக்குத் தலைமுறையே அடகு என்று எழுதி, அவர்களுக்கு நிலம் கொடுங்கள், மனை கொடுங்கள், பள்ளிக்கூடம் கொடுங்கள் என்று அறிக்கை அனுப்பினார். 1892இல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை. அதற்குப் பேர் பஞ்சமி நிலம்.

அந்த நிலம் எங்கே? நத்தம், புறம்போக்கு என்று நூறு ரகம் பிரித்து இஞ்சுக்கு இஞ்சு எழுதி வைக்கும் கச்சேரிக்கு அந்த நிலம் மட்டும் எப்படிக் கைமாறியது என்று தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்தால் உலகம் இருண்டுவிடும். தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டால் பட்டா மாறிவிடும். 1994இல் காரணை கிராமத்தில் ஜனங்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அம்பேத்கர் சிலையை வைத்துக் கேட்டார்கள். சிலையை அகற்றினார்கள். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்டு நியாயம் கேட்டார்கள். போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். உங்கள் அரசு 1892இல் போட்ட உத்தரவு 102 வருஷம் நடந்தும் காரணைக்கு வந்து சேரவில்லை. தோட்டா வந்து சேர ஒரு விசில் போதுமாயிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பின்வந்தவர்கள் 1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் போட்டார்கள். தவறு செய்த பிள்ளைகளைத் திருத்துவதற்கென்று செங்கல்பட்டில் ஒரு பள்ளி வந்தது. கோட்டை போனாலும் அந்த ஏற்பாடு போகவில்லை. பேர் மட்டும் இல்லம் என்று மாறிற்று. 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பொருளைத் திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவனை அரசின் சிறார் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 31ஆம் தேதி அவன் செத்துப்போனான். அடித்துக் கொன்றதாக அங்கே வேலை பார்த்த ஆறு பேர் கைதானார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு, இல்லங்களை எப்படிச் சீர்திருத்தலாம் என்று அறிக்கை வாங்கினார்கள். சீர்திருத்த இல்லத்தைச் சீர்திருத்த ஓர் அறிக்கை.

ஒரு கோட்டையையே குறுக்கே பிளந்துகொண்டு போன ரயில்மேல் இதுவரை ஒரு வழக்கும் இல்லை. அந்த ரயிலின் ஏதோ ஒரு சாமானைத் தொட்டான் என்று சொல்லப்பட்ட பையன் புது வருஷத்தைப் பார்க்கவில்லை. அவன் அம்மாவும் மனு எழுதியிருப்பாள். அவளும் வரிசையில் நின்றிருப்பாள். அவளுக்கும் ரசீது கொடுத்திருப்பார்கள்.

துரையவர்களே, இவ்வளவும் எழுதியது அழுவதற்கில்லை. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. நீங்கள் திரும்ப வந்து ஆள வேண்டும் என்று கேட்கிறேனோ என்று உங்களுக்கு நப்பாசை வந்திருக்கலாம். விட்டுத்தள்ளுங்கள். உங்கள் கிஸ்திக்காக ஏரியைக் காத்த தயவும் எங்களுக்கு வேண்டாம். ஏரி எங்கள் முப்பாட்டன் வெட்டியது, நாங்களே பார்த்துக்கொள்வோம். இடிந்த கோட்டை இருக்கட்டும், பிள்ளைகள் ஏறி விளையாடட்டும். கலங்கரை விளக்கம் இருக்கட்டும். டச்சுக்காரன் கல்லறையும் கிடக்கட்டும், செத்தவனோடு எங்களுக்குப் பகை இல்லை.

அந்த நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். துவாலையோடு. நிற்கிறவனையும் உட்கார்ந்திருக்கிறவனையும் பிரிக்க நீங்கள் போட்டது அது. நிற்கிறவன் யார், உட்கார்ந்திருக்கிறவன் யார் என்பது 1947இல் மாறியிருக்க வேண்டும். உட்கார்ந்தவரின் நிறம் மட்டும் மாறியது. நாற்காலி போய்விட்டால், ஒருவேளை, மழை பெய்கிற ராத்திரியில் எங்கள் அதிகாரிகளுக்கும் நிற்கப் பழகும். நிற்கப் பழகியவர் ஏரிக்கரை வரை நடந்து வருவதற்கும் வாய்ப்பு உண்டு.

ஐப்பசி பிறந்துவிட்டால் தண்ணீர் எங்கள் கூடத்துக்கு வந்துவிடும். அதற்குள் நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்பவன்.

நகல்: ஏரி காத்த ராமர் அவர்களுக்கு, தகவலுக்காகவும், இந்த ஆண்டும் வேறு ஆள் இல்லாததால் தக்க நடவடிக்கைக்காகவும்.